கப்பல் டூர் போறீங்களா? இன்டர்நேஷனல் ரோமிங் பேக் நடுக்கடலில் ஏன் செல்லாது, எந்த மொபைல் பிளான் எடுக்கணும்? முழு விளக்கம்

கோவை ஆர்.எஸ்.புரம், காந்திபுரம் பக்கம் உள்ள டிராவல்ஸ்களில் சிங்கப்பூர் டூர் விசாரிச்சா, "கூடவே க்ரூஸும் சேர்த்துக்கலாமுங்களா?" என்ற கேள்வி இப்போ சாதாரணமா வருது. பீளமேட்டில் விமானம் ஏறினால் நேரா சிங்கப்பூர். அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 3, 4 நாள் கப்பல் பயணம். விசா, டிக்கெட், கரன்சி எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்பவர்கள், கடைசி நாளில் அவசரமா ஒரு விஷயத்தை முடிக்கிறாங்க. அது மொபைல் பிளான்.

"சிங்கப்பூர், மலேசியா ரெண்டும் இருக்கிற பேக் போட்டாச்சு, அப்புறம் என்ன?" என்று நினைத்தால், அங்கதான் சிக்கலே. அந்த பேக் அந்த நாடுகளின் கரையில் செல்லும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கடலில் செல்லாமல் போக வாய்ப்பு அதிகம். கடல் எந்த நாட்டுப் பட்டியலிலும் வராது.

சுருக்கமா சொன்னா...

- ரோமிங் பேக் நாடுகளுக்கானது. கப்பலின் சொந்த மொபைல் நெட்வொர்க் எந்த நாட்டுக்கும் சொந்தமானது இல்லை.
- கப்பல் கிளம்பும் முன்பே போனை ஏரோபிளேன் மோடில் போடுவதுதான் பில்லைத் தடுக்கும் முதல் வேலை.
- கரையில் ரோமிங் பேக் அல்லது இ-சிம், கடலில் கப்பல் வைஃபை. பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தக் கூட்டணியே போதும்.
- வங்கி ஓ.டி.பி.க்காக இந்திய சிம் போனிலேயே இருக்கணும்.

நடுக்கடலில் சிக்னல் எப்படி வருது?

நம்ம ஊர் மொபைல் டவரின் வீச்சுக்கு எல்லை உண்டு. கரையை விட்டுக் கப்பல் விலக விலக ஒவ்வொரு புள்ளியா சிக்னல் குறைந்து, கொஞ்ச நேரத்தில் 'நோ சர்வீஸ்' வந்துடும்.

அதற்குப் பிறகும் சில சொகுசுக் கப்பல்களில் போனில் முழுப் புள்ளி காட்டும். காரணம், கப்பலுக்குள்ளேயே சின்னச் சின்ன மொபைல் ஆன்டெனாக்கள் இருக்கு. உங்கள் போன் அந்த ஆன்டெனாவோடு பேசும். அது செயற்கைக்கோளோடு பேசும். செயற்கைக்கோள் தரையில் உள்ள நிலையத்தோடு பேசும். அங்கிருந்துதான் அழைப்பு கோவைக்கு வரும்.

புவிநிலை செயற்கைக்கோள்கள் சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பவை. அவ்வளவு தூரம் போய்த் திரும்புவதால்தான் பழைய கப்பல்களில் பேச்சு அரை நொடி தாமதமா கேட்கும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுவதால் தாமதம் குறைவு. ராயல் கரீபியன் நிறுவனம் தன் கப்பல்களில் ஸ்டார்லிங்க் பொருத்தப் போவதா 2022 ஆகஸ்டில் அறிவித்தது. அதன் பிறகு கப்பல் வைஃபையின் வேகம் பல இடங்களில் மாறியிருக்கு.

ஆனா ஒரு விஷயத்தைக் குழப்பிக்கக் கூடாது. கப்பலின் வைஃபை வேறு, கப்பலின் மொபைல் நெட்வொர்க் வேறு. வைஃபைக்கு நீங்களே பணம் கட்டி, பாஸ்வேர்டு போட்டு நுழையணும். மொபைல் நெட்வொர்க் அப்படி இல்லை. ரோமிங் ஆன்ல இருந்தா, உங்களைக் கேட்காமலேயே போன் அதில் ஒட்டிக்கும்.

901: கடலுக்கு ஒரு நம்பர்

உலகில் ஒவ்வொரு நாட்டின் மொபைல் நெட்வொர்க்குக்கும் மூன்று இலக்க எண் உண்டு. இந்தியாவுக்கு 404, 405. இலங்கைக்கு 413. மலேசியாவுக்கு 502, இந்தோனேசியாவுக்கு 510, தாய்லாந்துக்கு 520, சிங்கப்பூருக்கு 525.

கப்பல், விமானம், செயற்கைக்கோள் சேவைகளுக்கு நாடு கிடையாது இல்லையா? அதனால் அவற்றுக்குப் பொதுவா கொடுக்கப்பட்ட எண் 901. கப்பலில் போன் திரையில் 'செல்லுலார் அட் சீ' அல்லது 'டெலினார் மேரிடைம்' என்று பெயர் வரலாம். சில போன்களில் பெயருக்குப் பதிலா 901-18, 901-12 என்று வெறும் எண் மட்டும் தெரியும்.

உங்கள் பேக்கின் பட்டியலில் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று நாடுகளின் பெயர் இருக்கும். 901 இருக்காது. பேக் இல்லாத நெட்வொர்க்கில் போன் இணைந்தால், சாதாரண ரோமிங் கட்டணம் ஓட ஆரம்பிக்கும். கப்பல் நெட்வொர்க்கில் அந்தக் கட்டணம் கரையில் இருப்பதை விடப் பல மடங்கு இருக்கும்.

போன் திரையில் 901 அல்லது 'சீ', 'மேரிடைம்' என்ற சொல் தெரிஞ்சா, உடனே ஏரோபிளேன் மோட். இந்த ஒரு வரியை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைங்க.

எங்க ஆரம்பிக்கும், எங்க முடியும்?

ஒரு நாட்டின் கடல் எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கி.மீ. துறைமுகத்திலும் கரையை ஒட்டியும் கப்பலின் மொபைல் நெட்வொர்க் பொதுவா அணைக்கப்பட்டிருக்கும். எல்லை தாண்டியதும் ஆன் ஆகும். இந்தியக் கடல் எல்லைக்குள் இந்தச் சேவை கொடுக்க உரிமம் வேணும். அதற்கான விமானம் மற்றும் கடல்வழித் தொடர்பு விதிகளை மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்டது.

ஆக, உங்கள் பயணத்தை மூணு பகுதியா பிரிச்சுப் பாருங்க.

1. துறைமுகமும் ஊரும்: உள்ளூர் டவர். நாட்டு ரோமிங் பேக் செல்லும்.
2. கரையோரக் கடல்: சிக்னல் வரும், போகும். எந்த நாட்டு டவர் என்று உறுதி இல்லை.
3. நடுக்கடல்: கப்பல் நெட்வொர்க் அல்லது ஒன்றுமே இல்லை. வைஃபை மட்டும்தான் நம்பிக்கை.

இரண்டாவது பகுதிதான் கவனிக்க வேண்டியது. தனுஷ்கோடி பக்கம் போனவர்களில் பலருக்கு, இந்திய மண்ணில் நிற்கும்போதே போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்த அனுபவம் இருக்கும். மலாக்கா நீரிணையிலும் இதே கதைதான். சிங்கப்பூருக்கு எதிரே சுமார் 20 கி.மீ. தூரத்தில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு இருக்கு. உங்கள் பேக்கில் சிங்கப்பூரும் மலேசியாவும் இருந்து, போன் போய் இந்தோனேசிய டவரில் ஒட்டினால் அதுவும் பேக்குக்கு வெளியேதான்.

இதற்குத் தீர்வு: போன் செட்டிங்ஸில் 'நெட்வொர்க் செலக்‌ஷன்' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்பதை நிறுத்திட்டு, நீங்கள் இருக்கும் நாட்டின் நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

எந்தப் பயணத்துக்கு எந்த பிளான்?

*சிங்கப்பூர் - மலேசியா - தாய்லாந்து க்ரூஸ்*

இங்கே மூணு வழி இருக்கு.

முதல் வழி, உங்கள் இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக். அதே நம்பர், ஓ.டி.பி. கவலை குறைவு, ஆப்பிலேயே வாங்கிடலாம். வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: கப்பல் நிற்கும் எல்லா நாடும் பட்டியலில் இருக்கா? '1 நாள்' என்றால் 24 மணி நேரமா, நள்ளிரவு வரையா? விமானத்துக்கென்று சில நிறுவனங்கள் தனி பேக் விற்பதுண்டு. அது கப்பலுக்குச் செல்லாது. கப்பலுக்கான பேக் என்று சொல்லி விற்றால், உங்கள் கப்பலின் பெயரோ அதன் நெட்வொர்க் பெயரோ பட்டியலில் இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க.

இரண்டாவது வழி, இ-சிம். டேட்டா மட்டும் போதும் என்பவர்களுக்கு இது வசதி. சிம் மாற்ற வேண்டாம். ஆனா இங்கேயும் 'ஏசியா பிளான்' என்றால் ஆசிய நாடுகள்தான், ஆசியக் கடல் இல்லை. இன்னொரு எச்சரிக்கை: உரிய அனுமதி இல்லாமல் இந்தியாவில் வெளிநாட்டு இ-சிம் விற்றதற்காக ஏர்அலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரண்டு ஆப்களை முடக்க 2024 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எனவே அனுமதி பெற்ற நிறுவனமா என்று பார்த்து வாங்குங்க.

மூன்றாவது வழி, சாங்கி விமான நிலையத்தில் சுற்றுலா சிம். பாஸ்போர்ட் காட்டணும். சிங்கப்பூரில் நாலைந்து நாள் தங்குபவர்களுக்கு லாபம். ஒரு நாள் தங்கி நேரா கப்பல் ஏறுபவர்களுக்குப் பெரிய பயன் இல்லை.

*சென்னை - இலங்கை*

சென்னையிலிருந்து இலங்கைக்கு எம்.வி. எம்ப்ரஸ் சொகுசுக் கப்பல் 2023 ஜூன் 5-ஆம் தேதி முதல்முறையா கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அதன் நிறுத்தங்கள். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் சேவை 2023 அக்டோபர் 14-இல் தொடங்கி, இடைவெளிக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் மீண்டும் வந்தது.

நாகை கப்பலில் கடல் பயணம் சில மணி நேரம்தான். அந்த நேரத்துக்கு எந்த பிளானும் வேண்டாம், ஏரோபிளேன் மோட் போதும். இலங்கைக்கான பேக்கை அங்கே இறங்கிய பிறகு ஆக்டிவேட் செய்யுங்க. ஒரு வாரம் யாழ்ப்பாணத்தில் தங்குபவர்கள் டயலாக் அல்லது மொபிடெல் சிம் வாங்கலாம்.

*லட்சத்தீவும் அந்தமானும்*

கோவைக்காரங்களுக்குப் பக்கத்துத் துறைமுகம் கொச்சிதான். அங்கிருந்து லட்சத்தீவு சுற்றுலாத் துறையின் 'சமுத்திரம்' திட்டத்தில் எம்.வி. கவரத்தி கப்பல் 5 நாளில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளைச் சுற்றிக் காட்டும்.

இதற்கு இன்டர்நேஷனல் ரோமிங் தேவையே இல்லை. லட்சத்தீவு, கேரள தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் வருது. அந்தமான், மேற்கு வங்க வட்டத்துக்குள் வருது. உங்கள் சாதாரண ரீசார்ஜே போதும். பார்க்க வேண்டியது உங்கள் நிறுவனத்துக்கு அங்கே டவர் இருக்கா என்பதைத்தான். லட்சத்தீவில் பி.எஸ்.என்.எல்., ஏர்டெல் இரண்டும் நீண்ட காலமாக இருப்பவை. கொச்சி - லட்சத்தீவு கடலடி கேபிள் 2024 ஜனவரியிலும், சென்னை - அந்தமான் கேபிள் 2020 ஆகஸ்டிலும் திறக்கப்பட்டன. அதன் பிறகு தீவுகளில் இணைய வேகம் கூடியிருக்கு.

ஆனா கேபிள் தீவுக்குத்தான், கப்பலுக்கு இல்லை. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போனால் இரண்டரை நாள் போல ஆகும். அதில் பெரும்பகுதி சிக்னல் இருக்காது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிட்டுக் கிளம்புங்க.

கப்பல் வைஃபை: வாங்கும் முன் 4 கேள்விகள்

1. எத்தனை கருவிக்கு? பெரும்பாலும் ஒரு கருவிக்கு இவ்வளவு என்று கணக்கு. பல கப்பல்களில் ஒரு போனில் லாக்-அவுட் செய்து இன்னொரு போனில் நுழையலாம். நாலு பேருக்கும் தனித்தனியா வாங்கும் முன் இதைக் கேளுங்க.
2. வாட்ஸ்அப் கால் போகுமா? சில குறைந்த விலை பேக்கேஜ்களில் மெசேஜ் மட்டும் போகும், வீடியோ கால் போகாது.
3. ஒரு நாளுக்கா, முழுப் பயணத்துக்கா? விளம்பரத்தில் ஒரு நாள் விலை மட்டும் பெரிசா போட்டிருப்பாங்க.
4. முன்பதிவுக்குத் தள்ளுபடி இருக்கா? பல நிறுவனங்கள் பயணத்துக்கு முன் ஆன்லைனில் வாங்கினால் குறைந்த விலை தருகின்றன.

பல கப்பல்களில் அந்தக் கப்பலின் ஆப்பை மட்டும் பயன்படுத்த வைஃபை இலவசம். சாப்பாட்டு நேரம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் அதில் இருக்கும். சிலவற்றில் கப்பலுக்குள் ஒருவருக்கொருவர் சாட் செய்யும் வசதியும் உண்டு. அந்த ஆப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்துடுங்க.

டேட்டா எங்கே போகுது?

"நான் எதையும் பார்க்கவே இல்லையே, எப்படிங்க டேட்டா போச்சு?" இதுதான் ரோமிங் புகார்களில் அடிக்கடி கேட்கும் வரி. நீங்கள் பார்க்காவிட்டாலும் போன் வேலை செய்துக்கிட்டே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு போட்டோ சுமார் 3 எம்.பி. என்றால் 100 போட்டோ 300 எம்.பி. ஒரு நிமிட ஃபுல் எச்.டி. வீடியோ, போனைப் பொறுத்து 60 முதல் 130 எம்.பி. வரை. பத்து நிமிடம் வீடியோ எடுத்தால் 1 ஜி.பி.யைத் தொட்டுடலாம். கூகுள் போட்டோஸ் பேக்-அப் ஆன்ல இருந்தால், இது அத்தனையும் தானாகவே மேலே ஏறும். அதோட குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் காலை வணக்க வீடியோக்கள் கீழே இறங்கும்.

கிளம்பும் முன் நிறுத்த வேண்டியவை: போட்டோ பேக்-அப், வாட்ஸ்அப் ஆட்டோ டவுன்லோட், ஆப் அப்டேட், வீடியோ ஆட்டோ பிளே.

ஓ.டி.பி. வரலேன்னா என்ன பண்றது?

நம்ம ஊர் பயணிகளுக்கு இது பெரிய தலைவலி. கரன்ட் பில், ஈ.எம்.ஐ., மகனின் காலேஜ் ஃபீஸ் என்று எதுவா இருந்தாலும் ஓ.டி.பி. இந்திய நம்பருக்குத்தான் எஸ்.எம்.எஸ்.ஸா வரும். நடுக்கடலில் ஏரோபிளேன் மோடில் இருக்கும் போனுக்கு அது வராது. வைஃபை வாங்கியிருந்தாலும் சாதாரண எஸ்.எம்.எஸ். வருவது உறுதி இல்லை.

- கப்பலில் இருக்கும் நாட்களில் வரும் பில்களை முன்கூட்டியே கட்டிடுங்க.
- வங்கி மின்னஞ்சலிலும் ஓ.டி.பி. அனுப்புமா என்று கேட்டு, வசதி இருந்தால் பதிவு செய்யுங்க.
- டெபிட், கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே ஆன் செய்யுங்க. 2020 மார்ச் முதல் புது கார்டுகளில் இது ஆஃப் ஆகத்தான் வரும்.
- இந்திய சிம்மைக் கழற்றி பர்ஸில் போடாதீங்க. ரெண்டாவது ஸ்லாட் அல்லது இ-சிம் பயன்படுத்துங்க. பதிவு செய்த சிம் போனில் இருந்தால் மட்டுமே வாட்ஸ்அப் போன்ற ஆப்கள் இயங்க வேண்டும் என்றும் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டது.

ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டா?

பில் பயம் இருப்பவர்களுக்கு ப்ரீபெய்டு பாதுகாப்பு. இருக்கும் பேலன்ஸுக்கு மேல் போகாது. போஸ்ட்பெய்டில் வசதி அதிகம், ஆனா கவனிக்காமல் விட்டால் மாசக் கடைசியில்தான் தெரியும். போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் கிரெடிட் லிமிட் எவ்வளவு என்று கேட்டு, தேவைப்பட்டால் குறைக்கச் சொல்லலாம்.

கால் ஃபார்வேர்டிங் போட்டிருந்தால் அதையும் எடுத்துடுங்க. ரோமிங்கில் வரும் அழைப்பு இன்னொரு நம்பருக்குத் திரும்பும்போது கூடுதல் கட்டணம் விழ வாய்ப்பு இருக்கு. உள்ளே வரும் அழைப்பை எடுத்தாலும் ரோமிங்கில் காசுதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு உதாரணம்: நாலு பேர், 5 நாள்

ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஒரு குடும்பம் கிளம்புதுன்னு வெச்சுக்குவோம். அப்பா, அம்மா, காலேஜ் போகும் மகள், தாத்தா. 2 நாள் சிங்கப்பூர், 3 நாள் பினாங்கு போய்வரும் கப்பல்.

- அப்பா: வேலை அழைப்புகளும் ஓ.டி.பி.யும் வரணும். சிங்கப்பூர், மலேசியா இரண்டும் உள்ள இந்திய ரோமிங் பேக்.
- மகள்: மேப், டாக்சி ஆப், போட்டோ. இரண்டு நாட்டுக்குமான இ-சிம். கரையில் மத்தவங்களுக்கு ஹாட்ஸ்பாட்டும் இவர்தான்.
- அம்மா: தனி பேக் வேண்டாம். ஹாட்ஸ்பாட் போதும். டேட்டா ரோமிங் ஆஃப்.
- தாத்தா: முழுப் பயணமும் ஏரோபிளேன் மோட். கப்பலில் கேபின் போன் இருக்கு, கேபின் நம்பரைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்க.
- கப்பலில்: ஒரு கருவிக்கான வைஃபை ஒன்றே ஒன்று. காலையும் மாலையும் முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

நாலு பேருக்கும் நாலு பேக், நாலு வைஃபை என்று வாங்குவதை விட இது பாதிக்கும் கீழே முடிய வாய்ப்பு இருக்கு.

ஊரில் அவசரம்னா எப்படித் தெரியும்?

வீட்டில் வயதானவங்களை விட்டுட்டுப் போறவங்களின் உண்மையான கவலை இதுதான். அதுக்காக ரோமிங்கை நடுக்கடலில் ஆன்லயே வைக்க வேண்டியதில்லை. கப்பலின் பெயர், கேபின் நம்பர், கப்பல் நிறுவனத்தின் அவசரத் தொடர்பு எண் மூணையும் ஊரில் ஒருத்தரிடம் எழுதிக் கொடுங்க. நிறுவனம் மூலமா கேபினுக்குத் தகவல் வரும். கூடவே, "தினமும் ராத்திரி 8 மணிக்கு வாட்ஸ்அப் பார்ப்போம்" என்று ஒரு நேரம் சொல்லி வைங்க.

கப்பலின் பாதுகாப்புக்கும் உங்கள் மொபைலுக்கும் சம்பந்தம் இல்லை. ஆபத்துக் காலத் தொடர்புக்குக் கப்பல்களில் தனி செயற்கைக்கோள், ரேடியோ ஏற்பாடு சர்வதேச விதிப்படி கட்டாயம்.

போன் காட்டும் நேரத்தை நம்பாதீங்க

சிங்கப்பூர், மலேசியா நேரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால். தாய்லாந்து ஒன்றரை மணி நேரம் முன்னால். புக்கெட்டில் இறங்கினால் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறலாம். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கலாம். நாலு மணிக்குள் திரும்பச் சொன்னால் அது எந்த நாலு மணி? இறங்கும்போது கப்பல் கடிகாரத்தைப் பார்த்துக் கேட்டுக்கோங்க. கப்பல் உங்களுக்காக நிற்காது.

அப்படியும் பில் வந்துட்டா?

1. திரும்பியதும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் கொடுங்க. புகாருக்கு இந்தியாவில் 198 எண். புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்க.
2. எந்தத் தேதி, எந்த நேரம், எந்த நெட்வொர்க், எவ்வளவு எம்.பி. என்ற விரிவான பில்லைக் கேளுங்க. பேக் வாங்கிய மெசேஜ், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து வைங்க.
3. பதில் திருப்தி இல்லையென்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம்.
4. அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புச் சேவை குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிடுச்சு.

கப்பல் ஏறும் முன் செக்லிஸ்ட்

- கப்பல் நிற்கும் எல்லா நாடுகளும் பேக்கில் இருக்கா?
- டேட்டா ரோமிங் ஆஃப், பேக்-அப் ஆஃப், கால் ஃபார்வேர்டிங் ஆஃப்.
- மேப், டிக்கெட், பாஸ்போர்ட் நகல் போனில் டவுன்லோட் ஆகியிருக்கா?
- கப்பல் ஆப் போட்டாச்சா? வைஃபை விலை பார்த்தாச்சா?
- கப்பல் கிளம்பும் முன் எல்லா போனும் ஏரோபிளேன் மோட். அதன் பிறகு வைஃபை மட்டும் ஆன்.
- துறைமுகத்தில் இறங்கி, திரையில் அந்த நாட்டு நெட்வொர்க் பெயரைப் பார்த்த பிறகே ரோமிங் ஆன்.